ஏவியது 2010, செய்தது 2021

செஞ்சிப் பக்கம் தொண்டூர் மலையில் சமண முனிவர்களுக்குக் கல்லிலேயே படுக்கை வெட்டி வைத்திருக்கிறார்கள். மெத்தை கிடையாது. முதுகு வலித்தால் அது முன்வினை. பக்கத்திலேயே தமிழ் பிராமியில் கி.பி. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒரு கல்வெட்டு: ஏவியவர் இளங்காயிபன், அறம் அகழூருடையது, செய்தவன் மோசி. டியூப் லைட்டில் வெளிச்சம் தெரியாதபடி ‘உபயம்’ எழுதுகிறோமே, அதற்கு இதுதான் பாட்டன். ஒரே வித்தியாசம், இதில் வேலை செய்தவன் பெயரும் இருக்கிறது. (அந்த அகழூர்தான் இன்றைய அகலூர், சமணக் குடும்பங்கள் இன்னும் அங்கே உண்டு.)

இந்தக் கல்வெட்டைக் கணினியில் ஏற்ற வேண்டுமானால் ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடில் ஓர் எண் வேண்டும். ரேஷன் கார்டு மாதிரி. இல்லாவிட்டால் ஆளே கிடையாது. எகிப்துக்காரர்கள் வரிசையில் முந்திக்கொண்டார்கள். 2009இலேயே ஆந்தை, பாம்பு, வாத்து என்று 1,071 சித்திர எழுத்துகளுக்கு கார்டு வாங்கிவிட்டார்கள். அதுவும் போதாமல் 2024இல் இன்னொரு 3,995.

பிராமிக்கு 2010இல் இடம் கிடைத்தது. தமிழுக்கென்று ழ, ற, ன மூன்றும் கூடவே வந்தன. ஆக அகழூருக்கு ழ உண்டு, அறத்துக்கு ற உண்டு. கல்வெட்டிலுள்ள ‘ஏவ’ என்பதற்கும் தடையில்லை, நெடில்தானே. ‘செய்த’ என்ற இடத்தில்தான் வண்டி திணறியது. குறில் எகரத்துக்குத் தனி எண் இல்லை. எகர ஒகரங்களுக்குப் புள்ளி வையுங்கள் என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டுப் போனதையே யூனிகோடு கமிட்டியும் சொல்லி, பொதுப் புள்ளியை வைத்துச் சமாளிக்கச் சொன்னது. புள்ளி வைக்காவிட்டால் ‘செய்’ போய் ‘சேய்’ ஆகிவிடும். மோசி படுக்கை செய்தானா, பிள்ளை பெற்றானா?

2021இல்தான் பழந்தமிழ்ப் புள்ளி, குறில் எ, ஒ, அவற்றின் குறிகள், தமிழ் வடிவ ள என்று ஆறு எழுத்துகள் உள்ளே வந்தன. ஏவல் 2010இல் ரெடி, வேலை முடிய மேலும் பதினோரு வருடம். நம் ஊர் மேம்பாலங்களுக்கு இது புதிதல்ல. ஏவிய இளங்காயிபனுக்கே தன் பெயரிலுள்ள ளகரம் தமிழ் வடிவில் அப்போதுதான் கிடைத்தது.

இதில் எகிப்துக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே குசேர் அல் காதிம் துறைமுகத்தில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமியில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருக்கிறது. ஒறி என்றால் நம் உறிதான். யூனிகோடில் பானை 2010இலேயே வந்துவிட்டது. தொங்கவிட ஒறி வந்தது, குறில் ஒ தனி எண் பெற்ற 2021இல்.