பதினாறு அங்குல ரம்பமும் பத்தடிக் கொட்டாயும்

வா பேராண்டி, இப்படி உக்காரு. போனை ஜேபியில போடு, அதுக்குள்ள இருக்கற வெள்ளக்காரன் எங்கியும் ஓடிட மாட்டான். ஒரு மரத்துல துளை போட்டு, இன்னொரு மரத்துல நாக்கு செதுக்கி, ரெண்டையும் பூட்டி மர ஆணி அடிச்சி, இரும்பே படாம அவன் கொட்டாய் எழுப்பறான். அதப் பாத்துட்டு நம்ம வூட்டுப் பின்னால நீயும் பத்தடிக்குப் பத்தடி ஒண்ணு எழுப்பப் போறே. பேஷான காரியம். அதுக்குப் பதினாறு அங்குல மெஷின் ரம்பம் வேணும்னு கேக்கறே பாரு, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. 2001-ல கோலார் தங்கச் சுரங்கத்த இழுத்து மூடினதுல இருந்து நந்திதுர்க்குல யாரும் பெருசா எதையும் நெனைக்கறதே இல்ல. எம்பேரன் ஒருத்தனாவது நெனைக்கிறானே!

ஒரே ஒரு கேள்வி. மரம் வாங்கிட்டியா?

இல்லியா? சரிதான். பொண்ணு பாக்கக் கெளம்பறதுக்கு முன்னாடியே தொட்டில் வாங்கி வெச்ச மாப்பிள்ளைய இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்.

மரத்த முடிவு பண்ணாம ரம்பத்த எப்படிடா முடிவு பண்ணுவே? அமெரிக்காக்காரன் எட்டங்குலத் தூணு நிறுத்தறான்னா, அவன் கூரை மேல பனி கொட்டி மாசக்கணக்குல உக்காந்திருக்கும். நம்ம கூரை மேல இன்னா உக்காரும்? காக்கா. அதுக்கு எட்டங்குலம் வேணுமா ஆறங்குலம் போதுமான்னு, கூரைக்கு ஓடு போடறியா தகரம் போடறியான்னு சொல்லி, ஒரு ஆசாரிகிட்டயோ என்ஜினியர்கிட்டயோ கேளு. போன்ல கேக்காத.

இந்த ஜில்லாவுல கையெட்டற தூரத்துல கெடைக்கறது நீலகிரி மரம். நெலத்தடித் தண்ணிய உறிஞ்சுதுன்னு 2017-ல புதுசா நடக்கூடாதுன்னு கவர்மெண்டு தடை போட்டுச்சு, ஆனா நட்டு வெச்சதே இன்னும் நின்னுகினு இருக்குது. வெலை கம்மி, ஒடம்பு கெட்டி. ஆனா உள்ளுக்குள்ள பெரிய கோவக்காரன். வளரும்போதே இழுவிசைய மரத்துக்குள்ள அடக்கி வெச்சிருக்கும். நீ அறுக்க அறுக்க அந்த இழுவை அவுந்து, அறுத்த வாய் மூடிக்கினு பிளேடக் கவ்வும். கவ்வினா மெஷின் நிக்காது, பின்னால உன் தொடைப் பக்கம் எகிறும். அறுத்த வாய்ல ஒரு ஆப்பு சொருகிகினே போவணும். மரத்த ரெண்டு பக்கமும் தாங்கிப் புடிச்சிட்டு நடுவுல அறுக்காத, நடுவு தொங்கிப் போயி அதுவும் கவ்வும். வெட்டி வுழற துண்டு தாராளமா கீழ வுழணும்.

பெங்களூரு மைசூர் ரோட்டு டிம்பர் யார்டு லேஅவுட்டுல காஞ்ச மரமாப் பாத்து வாங்கலாம், வெலை மட்டும் காரமா இருக்கும். காரைக்குடியில இடிச்ச வூட்டுப் பர்மா தேக்கு கெடைக்கும், அம்சமான சரக்கு. அதுக்குள்ள நூறு வருசத்து ஆணி ஒளிஞ்சிகினு இருக்கும். காந்தம் வெச்சித் தடவிப் பாக்காம பிளேடு வெச்சேன்னு வையி, ஒரே ஆணியில நாலு பல்லு போயிடும். எதை வாங்கினாலும் பில்லையும் பர்மிட்டையும் கேட்டு வாங்கு. மரத்தப் புடிக்கற ஃபாரஸ்ட் கார்டு உன் கொட்டாயோட அழகப் பாக்கமாட்டான்.

இப்போ ரம்பத்துக்கு வரேன். நீ போன்ல காட்டினியே, அது ஜப்பான்காரன் மகிடாவோட பெரிய ரம்பம். பிளேடு குறுக்களவு பதினாறு அங்குலத்துக்கும் கொஞ்சம் மேல, ஒரே இழுப்புல ஆறேகால் அங்குல ஆழம் போவும், கனம் பதினாலு பதினஞ்சு கிலோ. ஜெர்மன்காரன் மாஃபெல் இன்னும் ஆழமா வெட்டற ஆசாரி ரம்பம் செய்யறான், வெலை லட்சத்தத் தாண்டும். ரெண்டும் நல்ல சரக்கு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆறங்குலச் சதுரத்துல பத்தடி நீலகிரிப் பச்சை மரம் அறுவது எழுவது கிலோ கனக்கும், எட்டங்குலம்னா நூறத் தாண்டும். அத டேபிள் மெஷினுக்குத் தூக்கிகினு போயி தள்ளறதுக்கு நாலு ஆள் வேணும். அதனால மரத்தப் படுக்கப் போட்டுட்டு ரம்பத்த மரத்து மேல ஏத்தறாங்க. பெரிய கைரம்பம் பொறந்த கதை அதுதான்.

ஆனா கணக்குப் போடு. நாலு தூணு, நாலு உத்தரம், எட்டு கைமரம். பதினாறு மரம், ஆளுக்கு ரெண்டு முனை, மொத்தம் 32 வெட்டு. பெரிய ரம்பத்துக்கு வேலை அவ்வளவுதான். நாக்கு செதுக்கறதுக்கு அது எதுக்கு? ஆறங்குல மரத்துல ரெண்டங்குல நாக்குன்னா பக்கத்துக்கு ரெண்டங்குல ஆழம்தான் வெட்டணும். அத ஏழேகால் அங்குலப் பொடி ரம்பமே செஞ்சிடும், அதுக்கு ரெண்டரை அங்குல ஆழம் வரும். துளை போடறதுக்கு வட்ட ரம்பம் எதுவுமே ஒதவாது, டிரில்லும் உளியும் உன் தோளும்தான். ஆக, உன் கொட்டாயில முக்கால்வாசி வேலைய நீ கேட்ட ரம்பம் தொடப் போறதே இல்ல.

மிச்சம் அந்த 32 வெட்டு. 235 மில்லிமீட்டர் பிளேடு போட்ட ரம்பம் ஒண்ணு இருக்குது, 85 மில்லிமீட்டர் ஆழம் போவும், பவர் டூல் கடையில கேட்டா எடுத்துக் குடுப்பான். ஆறங்குலம்ன்றது 152 மில்லிமீட்டர். மேல ஒரு தடவ, பொரட்டிப் போட்டு ஒரு தடவ, மரம் ரெண்டாச்சு. எட்டங்குலம்னா நடுவுல ஒண்ணேகால் அங்குலத்துக்கு மேல கொஞ்சம் நிக்கும், கைரம்பத்தால நாலு இழுப்பு. ஒண்ணே ஒண்ணு, மூலைமட்டம் வெச்சி நாலு பக்கமும் கோடு போடணும். மட்டம் சரியில்லன்னா ரெண்டு வெட்டும் சேராம படி வுழும். பதினாறு அங்குல ரம்பம் வெச்சிருக்கறவனுக்கும் கோணக்கோடு கோணலாத்தான் வெட்டும், இன்னா, ஒரே இழுப்புல கோணலா வெட்டும்.

எங்கப்பன் சுரங்கத்துல மரம் முட்டுக் குடுக்கற கேங்குல இருந்தவரு, அதனால எனக்கு ஒரு கதை தெரியும். அமெரிக்காவுல நெவாடாவுல ஒஃபிர்னு ஒரு வெள்ளிச் சுரங்கம். தாது எக்கச்சக்க அகலம், தொட்டா உதிரும், எந்தத் தூணும் எட்டல. 1860-ல பிலிப் டைட்ஸ்ஹைமர்னு ஒரு ஜெர்மன் என்ஜினியர் வந்து, தடிமரத்த முனை செதுக்கிச் சதுரக் கூண்டாப் பூட்டி, கூண்டு மேல கூண்டா அடுக்கிக் காட்டினான். ஒலகமே மெச்சிச்சு. அதுக்குப் பேடண்டு கூட அவன் எடுத்துக்கல, நல்ல மனுசன். நம்ம கோலார்ல தங்க ரேகை மெலிசு, மூணு நாலு அடிதான். இங்க கூண்டு கட்டினா மனுசன் எங்க நிக்கறது? குறுக்கே தடிமரம் குடுத்து ஆப்பு அடிச்சாங்க. ஆழம் போவப் போவ பாறை வெடிச்சுது, ஏர் பிளாஸ்ட்டுன்னு சொல்லுவமே. மரம் தாங்காத எடத்துல கருங்கல்ல சுவரா அடுக்கினாங்க. சுரங்கத்த நடத்தின ஜான் டெய்லர் கம்பெனி துரைங்க ஆயிரம் செஞ்சிருக்கட்டும், ஓட்டையோட அளவப் பாத்துத்தான் முட்டு வாங்கினாங்க. அந்த வெள்ளக்காரன் புத்திய யாரும் வீடியோ போடல போலிருக்குது.

என்ன சொன்னாலும் பெருசுதான் வேணும்ன்றியா? சரி, வாங்கற வழியாவது கேட்டுக்க. அமெரிக்காவுல இருக்கற சிநேகிதன் கொண்டாந்து தரேன்னானா? அது 120 வோல்ட்டு மெஷின். 60 சைக்கிளா 50 சைக்கிளான்றத கார்பன் பிரஷ் மோட்டாரு பெருசாக் கண்டுக்காது, வோல்ட்டுதான் எமன். நம்ம 230-ல சொருகினா ஒரே பொகை. அதுக்கு மூணு கே.வி.ஏ டிரான்ஸ்ஃபார்மர் வாங்குனா அது ரம்பத்த விடக் கனம். சிவசமுத்திரத்துல இருந்து 92 மைல் கம்பி இழுத்து 1902-லயே கரண்டு வந்த ஊருடா இது. 25 சைக்கிள் கரண்டு. எந்தக் கரண்டுல எந்த மோட்டாரு ஓடும்னு பெங்களூருக்கு முன்னாடியே படிச்ச ஊர்ல பொறந்துட்டு மெஷினப் பொகைய வுட்டியானா என் மானம் போவும். துபாய், சிங்கப்பூர்ல இருந்து வந்தா வோல்ட்டு ஒத்துப்போவும். ஜப்பான்ல இருந்து வந்தா 100 வோல்ட்டு, கிட்டயே போவாத.

எஸ்.பி. ரோட்டுல பழசு பாக்கறியா? தினம் ரயில்ல பெங்களூரு போறவன்தான, ஒரு நாள் எறங்கிப் பாரு. சுவிட்ச அழுத்தி பிரஷ் பக்கம் எட்டிப் பாரு. சின்னதாப் பொறி வந்தா பரவால்ல, சுத்திலும் நெருப்பு வளையமா ஓடினா ஆர்மேச்சர் போச்சு. பிளேடப் புடிச்சி ஆட்டு, ஆடினா பேரிங் போச்சு. அடித்தகடு வளைஞ்சிருக்கான்னு மூலைமட்டத்த வெச்சிப் பாரு. காவல் மூடிய கம்பி போட்டுக் கட்டி வெச்சிருந்தா, முன்னாடி வெச்சிருந்தவனோட வெரலையும் சேத்து எண்ணிப் பாத்துட்டு வா. பிளேடும் கார்பன் பிரஷ்ஷும் இந்த ஊர்ல கெடைக்குமான்னு மெஷினுக்கு முன்னாடி விசாரி. பதினாறு அங்குல பிளேட ராபர்ட்சன்பேட்டைக் கடையில கேட்டுப் பாரு, உன்ன உக்கார வெச்சி டீ வாங்கிக் குடுத்து அனுப்புவான்.

இன்னொண்ணு. செலவு மிச்சம்னு நாலங்குலக் கிரைண்டர்ல மரம் அறுக்கற பிளேட மாட்டற கூத்து மட்டும் வேணாம். அது நிமிசத்துக்குப் பதினோராயிரம் சுத்து சுத்தும், பெரிய ரம்பம் ரெண்டாயிரத்துச் சொச்சம்தான். அந்த வேகத்துல பல்லு தெறிச்சா எங்க போவும்னு அந்தப் பல்லுக்கே தெரியாது.

பத்துக் கொட்டாய் கட்டி விக்கப் போறேன், ரிசார்ட்டுக்காரன் அட்வான்ஸ் குடுத்துட்டான்னு சொல்லு, உடனே பெருச வாங்குன்னுவேன். நாள் பூரா வெட்டறவனுக்கு ஒரே இழுப்பு லாபம். ஒத்தக் கொட்டாய்க்கு மட்டும்னா, அந்த ரம்பம் 32 தடவ கத்திட்டு கட்டிலுக்கு அடியில போயிப் படுக்கும். உம்பொண்டாட்டி அதுமேல அரிசி மூட்டைய வெப்பா.

அதனால மொதல்ல மரத்த எறக்கு, காய வுடு. அப்புறமா ஞாயித்துக்கிழமை வா. அந்த 235 மில்லிமீட்டர் ரம்பம் நம்ம வூட்டுலயே ஒண்ணு இருக்குது, பரண் மேல, கோணி போட்டு மூடி. புது பிரஷ் போட்டு வெச்சிருக்கேன். வாடகை மணிக்கணக்குத்தான். பேரனாச்சேன்னு முன்பணம் மட்டும் பாதி வாங்கிக்கறேன்.