சேமித்த கேள்விகளைப் பட்டியலிடுதல்: ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்க நேர்ந்தால் மனித இனம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாரார் மறுபடி வாயைத் திறந்து கேட்கிறார்கள். மற்றவர்கள் அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் சூட்டிக் கணினியில் சேமித்து வைக்கிறார்கள். பின்னவர்களுக்கு அதற்காகச் சம்பளம் உண்டு என்பதைத் தவிர இருவருக்கும் வேறுபாடு ஏதுமில்லை என்பதே இவ்வாய்வின் துணிபு.

கேள்விகளை அப்படிச் சேமிக்கும் இடங்களில் ஒன்று பிஎல்எம் மென்பொருள். ஒரு பம்பு வரைபடமாகப் பிறந்ததிலிருந்து காயலான் கடைக்குப் போகும் வரை அதன் ஜாதகத்தைக் கட்டிக் காப்பது இதன் வேலை. இவ்வகையில் சீமென்ஸின் டீம்சென்டர் பெரிய பெயர். அதில் ‘குவரி பில்டர்’ என்றொரு பகுதி உண்டு; குவரி என்றால் தேடல் கேள்வி. எந்த வகைப் பொருளைத் தேட வேண்டும், என்னென்ன நிபந்தனைகள் என்று நிர்வாகி ஒருமுறை எழுதிச் சேமித்துவிட்டால் போதும். மற்றவர்கள் கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டே காலம் தள்ளலாம்.

களஆய்வு ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் தொடங்கியது. ‘இது ______ போகுமா?’ என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் சேமித்த குவரி. கோடிட்ட இடத்தில் சிவகாசி வரும், தென்காசி வரும். கேள்வியின் உடல் மாறுவதில்லை. பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதே என்பது முதிராத ஆய்வாளரின் ஆட்சேபம். பலகையை வாசிப்பது வேறு, குவரி ஓட்டுவது வேறு. ‘ஏறுங்க அண்ணாச்சி’ என்று நடத்துநர் சொல்லும் வரை தரவு உறுதியாவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலை ஒட்டிய பால்கோவாக் கடைகளில் ஆய்வு செழித்தது, ஆய்வாளரும் செழித்தார். ‘இன்னைக்குப் போட்டதா?’, ‘எத்தனை நாள் தாங்கும்?’ ஆகிய இரண்டும் எல்லாக் கடைகளுக்கும் பொதுவான சொத்து. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை வந்ததாகப் பதிவே இல்லை. மூன்றாவது, ‘ஒரிஜினல்தானே?’ 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதே இந்தக் கேள்விக்கு அரசு முத்திரையோடு விடை வந்துவிட்டது. கேள்வி ஓயவில்லை. விடை கிடைத்துவிட்டது என்பதற்காக உலகில் எவரும் ஒரு குவரியை நீக்கியதில்லை. மென்பொருள்காரர்கள் இதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிபந்தனைகளின் அருமையை விளக்க ராஜபாளையம் நாயை விடச் சிறந்த சான்று இல்லை. 2005-இல் அஞ்சல்தலையிலேயே ஏறிய இனம். உடம்பு வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். டீம்சென்டரிலோ ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த நிபந்தனையையே அது கணக்கில் எடுக்காது. மூக்கின் நிறத்தை நிரப்பாமல் தேடிப் பாருங்கள், தெருவில் திரியும் வெள்ளை நாய் அத்தனையும் குடும்பத்தோடு வந்து நிற்கும். பொறியாளர்கள் ‘சிஸ்டம் தப்பாகக் காட்டுகிறது’ என்று புலம்பும் நாள்களில் பெரும்பாலும் இப்படித்தான் யாரோ மூக்கை மறந்திருப்பார்கள்.

இனி ஆய்வின் மையச் சிக்கல்: சேமித்த குவரிகள் மொத்தம் எவை எவை? டீம்சென்டரின் மூதாதைக்கு ஐமேன் என்று பெயர். டீம்சென்டரை வைத்திருந்த யூஜிஎஸ் நிறுவனத்தை 2007-இல் சீமென்ஸ் வாங்கியது, நிறுவனத்தின் பெயர்ப்பலகை மாறியது. உள்ளே குவரிகள் குடியிருக்கும் வகுப்புக்கு மட்டும் இன்றும் ‘ஐமேன்குவரி’ என்றே பெயர். ஆக, பட்டியல் வேண்டுமானால் அந்த வகுப்பைத் தேடும் ஒரு குவரியை எழுத வேண்டும், பெயருக்கான இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி இட வேண்டும். அதையும் சேமித்துவிட்டால் அடுத்த முறை பட்டியலில் அதுவும் உட்கார்ந்திருக்கும். தம்மைத் தாமே உள்ளடக்கும் தொகுதிகளையும் உள்ளடக்காத தொகுதிகளையும் எண்ணிப் பார்த்து 1901-இல் பெர்ட்ரண்ட் ரஸல் தலையைப் பிடித்துக்கொண்டார். நம் நிர்வாகிகள் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

அப்படிக் கிடைக்கும் பட்டியலில் ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட் 2’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்ற நான்கு சிற்றினங்களே பெருவாரி. அடுத்தவர் எழுதிய குவரியை நம்பாமல் ஆளுக்கொரு நகல் எடுப்பதால் இவை பெருகுகின்றன. யாராவது பயன்படுத்திக்கொண்டிருப்பார்களோ என்ற அச்சத்தால் சாகாமல் வாழ்கின்றன. துணிச்சலான நிர்வாகிகள் மட்டும் எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்திவிட்டு, பிறகு நீக்குகிறார்கள். அந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு குவரி இருந்தது. அதையும் சேர்த்துத்தான் நீக்கியிருக்கிறார்கள்.