நாளைக்கு ரிலீஸ், இன்றைக்கு பில்டு

சாஃப்ட்வேர் டெஸ்டிங் பற்றி வந்து குவிந்த கடிதங்களுக்கு இந்த வாரப் பக்கம். சீக்கிரம் கற்றுக்கொள்ள வழி சொல்லுங்கள் என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். மீதிப் பேருக்கு நாளைக்கே வேண்டுமாம்.

கோடிங் வராதவர்களுக்குத்தான் டெஸ்டிங் என்கிறார்களே, உண்மையா?
பி.எஸ்சி. முடித்த வாசகி, விருத்தாசலம்

அப்படிச் சொன்னவர் அநேகமாகக் கோர்ஸ் நடத்துபவர். அவருக்கு ஆள் சேர வேண்டும். கோடு எழுதாமல் டெஸ்டிங்கில் நுழையலாம். கோடைக் கண்டு பயந்துகொண்டே அதில் காலம் தள்ள முடியாது. முதலில் இந்த மூன்றைப் பழகுங்கள்: டேட்டாபேஸில் ஒரு செலக்ட், ஒரு ஜாயின் எழுதுவது, பிரவுசரில் எஃப்12 தட்டி, நெட்வொர்க் டேபில் என்ன போனது, என்ன திரும்பி வந்தது என்று படிப்பது, லாக் ஃபைலில் வேண்டிய நேரத்து வரியைத் தேடி எடுப்பது. திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்து சிரிக்கும், பின்னால் சர்வர் 500 என்று அலறியிருக்கும். இரண்டையும் பார்க்கிறவர் பத்து நிமிடத்தில் பிடிப்பதை, திரையை மட்டும் பார்க்கிறவர் சாயங்காலம் வரை தேடுவார்.

நாளைக் காலை ரிலீஸ். இன்று மாலை நான்கு மணிக்கு பில்டு கொடுத்துவிட்டு, 'முழுசா டெஸ்ட் பண்ணிடுங்க' என்கிறார் மேனேஜர். என்ன செய்வது?
பெயர் வேண்டாம் என்ற வாசகர், சோழிங்கநல்லூர்

'முழுசா' என்பதை முதலில் விடுங்கள். நான்கு மாதம் கொடுத்தாலும் அது நடக்காது. மழை தூறத் தொடங்கினால் மொட்டை மாடிக்கு ஓடுகிறவர் முதலில் வடாமைத்தான் எடுப்பார், துணியை அப்புறம் பார்த்துக்கொள்வார். உங்கள் ஆப்பில் எது வடாம் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு டெவலப்பரிடம் போய் நின்று மூன்று கேள்வி கேளுங்கள். இந்த முறை எதைத் தொட்டீர்கள்? எதைத் தொடப் பயந்தீர்கள்? நேரமில்லாமல் எதை அப்படியே விட்டீர்கள்? மெயிலில் கேட்டால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும். டீக்கடையில் கேட்டால் மூன்றுக்கும் வரும். அந்தப் பதில்களோடு, பணம் நகரும் இடம், தகவல் அழியும் இடம், உள்ளே நுழையும் இடம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் மாலைக்கான பட்டியல் தயார்.

பிறகு நேரத்தைக் கூறு போடுங்கள். இதற்கு அமெரிக்காவின் ஜேம்ஸ் பாக் ஒரு வழி வைத்திருக்கிறார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1980-களில் ஆப்பிளில் டெஸ்டிங் மேனேஜர் ஆனவர். 'ரேபிட் சாஃப்ட்வேர் டெஸ்டிங்' என்ற பயிற்சி அவருடையது. பின்னால் மைக்கேல் போல்டனும் சேர்ந்துகொண்டார். 2000 வாக்கில் ஜேம்ஸும் அவர் தம்பி ஜொனாதனும் வகுத்தது செஷன் முறை. ஒன்றரை மணி நேரம், போன் கிடையாது, மீட்டிங் கிடையாது, ஒரே ஒரு நோக்கம். 'பணம் கட்டும்போது நெட் போனால் என்ன ஆகும்' என்று காகிதத்தின் தலைப்பில் எழுதி வைத்துக்கொண்டு அதை மட்டும் குடைய வேண்டும். பார்த்ததை, சந்தேகப்பட்டதை, விட்டதைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். மாலை நான்கிலிருந்து இரவு பத்துக்குள் இப்படி மூன்று செஷன் தாராளமாக முடியும்.

பத்து மணிக்கு ஒரு மெயில்: இவற்றைப் பார்த்தேன், இவை உடைகின்றன, இவற்றைப் பார்க்கவில்லை. மூன்றாவது பகுதியை எழுதப் பலருக்குக் கை வராது. மேனேஜர் முடிவெடுக்க அதுதான் உதவும். ரிலீஸை நிறுத்துவதும் விடுவதும் அவர் பாடு. அந்தப் பாரத்தை நீங்கள் வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டெஸ்டருக்கும் டெவலப்பருக்கும் சண்டை வந்தால் நீங்கள் யார் பக்கம்?
வாசகர், கோவை

லாக் பக்கம்.

எங்கள் விண்ணப்பப் படிவத்தில் 13 இடங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று தேர்வுகள். எத்தனை டெஸ்ட் கேஸ் எழுத வேண்டும்?
புதிதாகச் சேர்ந்தவர், தரமணி

எல்லாச் சேர்க்கைகளும் வேண்டுமென்றால் 15,94,323. உங்கள் பேத்தி முடித்து வைப்பாள். ஆனால் பெரும்பாலான கோளாறுகள் ஒரே மதிப்பிலோ, இரண்டு மதிப்புகள் மோதிக்கொள்வதிலோதான் பிறக்கின்றன. எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும் அவற்றின் எல்லா ஜோடிகளும் ஒரு முறையாவது வந்துவிட வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வைத்தால், மொத்த வேலையும் இருபது வரிக்குள் அடங்கிவிடும். பேர்வைஸ் என்று பெயர். மைக்ரோசாஃப்டின் பிக்ட் என்ற இலவசக் கருவியிடம் கொடுத்தால் கணத்தில் பட்டியல் போட்டுத் தரும். மூன்று மதிப்புகள் சேர்ந்தால் மட்டும் வெடிக்கும் கோளாறு இதில் தப்பிவிடலாம். ஆகவே ஆபத்தான சேர்க்கை என்று உங்களுக்கே தெரிந்தவற்றைக் கையால் சேர்த்துவிடுங்கள்.

எண் கேட்கும் பெட்டியில் என்னென்ன போட்டுப் பார்க்க வேண்டும்?
மாணவர், திருநெல்வேலி

ஒன்றும் போடாமல் ஒரு முறை. பிறகு 0, 1, கழித்தல் 1, ஒரு ஸ்பேஸ், ஒரு புள்ளி, வேறெங்கிருந்தோ காப்பி அடித்து ஒட்டிய '1,00,000'. அனுமதித்த எல்லை 100 என்றால் 99, 100, 101.

அப்புறம் கம்ப்யூட்டருக்கென்று சில எல்லைகள் உண்டு. 16 பிட் எண்ணில் 32,767. அதைத் தாண்டிய ஒரு மதிப்பால்தான் 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், கிளம்பி 40 விநாடிக்குள் சிதறியது. ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரலை அப்படியே எடுத்துப் பொருத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் அந்த எண் பெட்டிக்குள் அடங்கவில்லை. மாற்றுக்கு வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல் என்பதால் அதுவும் அதே காரணத்துக்காகக் கண்ணை மூடியது. இதில் வயிற்றெரிச்சல், ஏவப்பட்ட பிறகு ஏரியான் 5-க்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. 'பழைய மாட்யூல்தான், அதை விட்டுடுங்க' என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

32 பிட்டில் எல்லை 2,14,74,83,647. 'கங்னம் ஸ்டைல்' பாட்டு அந்தக் கோட்டைத் தொட்டபோது, 2014-இல், யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியது. ஒரு பாட்டை இத்தனை தடவை பார்ப்பார்கள் என்று ஆரம்பத்தில் யார் கண்டார்?

எங்கள் ஆப் ஆங்கிலத்தில் அருமையாக ஓடுகிறது. தமிழில் கொடுத்தால் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன. டெவலப்பர் 'ஃபான்ட் பிரச்சினை' என்கிறார்.
வாசகி, மதுரை

ஃபான்ட் மேல் பழி போடுவது எளிது, அது எதிர்த்துப் பேசாது. 'தமிழ்' என்று அடித்துப் பாருங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறியீடு, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் பதினைந்து பைட். இருபது பைட் இடம் ஒதுக்கிய டேட்டாபேஸில் 'ராமன்' பிழைப்பான், 'கிருஷ்ணமூர்த்தி' நடுவில் உடைவார்.

அடுத்த சோதனை, தேடல். 'கொ' என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் அந்த விதியை உங்கள் நிரல் கடைப்பிடிக்கிறதா என்பது வேறு கதை. இல்லையென்றால் ஒரு கீபோர்டில் அடித்த கொடைக்கானலை இன்னொரு கீபோர்டால் தேடினால் 'முடிவுகள் இல்லை' என்று வரும். 'ஔ' வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து அடிப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அது யூனிகோடு விதியிலும் ஒன்றாகாது, தனியாகக் கவனிக்க வேண்டும்.

எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஆப் என்றால் பணமும் போகும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் வந்ததும் அது 70 குறியீடாகச் சுருங்கும். 150 குறியீடு உள்ள தமிழ் வாழ்த்து மூன்று செய்தியாகப் பில் ஆகும். பண்டிகைக்கு முன்பே கணக்குப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று நட்சத்திரக் குறி போட்ட பெட்டி. இனிஷியலோடு வாழும் ஒரு மாநிலத்தையே அது வாசலில் நிறுத்துகிறது. இதை பக் என்று பதிவு செய்யுங்கள், 'ஆலோசனை' என்று எழுதினால் கிடப்பில் போடுவார்கள்.

இவையெல்லாம் சின்ன நிறுவனத்துச் சிக்கல் என்று உங்கள் டெவலப்பர் சொன்னால், 2018-இல் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்த குறுஞ்செய்தியால் ஐபோன் ஆப்கள் விழுந்ததை நினைவூட்டுங்கள். ஆப்பிள் அதற்கென்றே அவசரத் திருத்தம் வெளியிட்டது.

'என் மெஷினில் நல்லாத்தான் ஓடுது' என்று பக்கைத் திருப்பி அனுப்புகிறார் சீனியர். என்ன பதில் சொல்ல?
வாசகி, சிறுசேரி

சொல்லாதீர்கள், காட்டுங்கள். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, சிரிக்க முடியாத வரலாறு. 1985-இலிருந்து 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகர மருத்துவமனையில் ஒரு விபத்து நடந்தபோது தயாரிப்பாளரின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள், அவர்களுக்குக் கோளாறு வரவேயில்லை. அடுத்த மாதமே அங்கே இன்னொரு விபத்து.

இரண்டின்போதும் இயந்திரத்தை இயக்கியவர் அனுபவசாலி, கை வேகம் அதிகம். தவறான கதிர் வகையை அடித்துவிட்டு, கர்சரை மேலே கொண்டுபோய்ச் சட்டென்று திருத்தி, உத்தரவு கொடுத்திருந்தார். காந்தங்கள் தயாராக இயந்திரத்துக்கு எட்டு விநாடி ஆகும். அதற்குள் செய்த திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி கவனிக்காமலே விட்டுவிட்டது. மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்த இயக்குநரும் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து, வேகம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நிதானமாக அடித்தவர்களின் கையில் அது எப்படி வரும்?

ஆகவே உங்கள் பக் ரிப்போர்ட்டில் என்ன அடித்தீர்கள் என்பதோடு எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில், அதற்கு முன் எந்தத் திரையில் இருந்தீர்கள் என்பதும் இருக்கட்டும். ஸ்கிரீன் ரெக்கார்டரை ஓடவிட்டே வேலையைத் தொடங்குங்கள். சீனியரின் மெஷினையும் சும்மா விடாதீர்கள்: அவருடைய நெட் வேகம், அட்மின் உரிமை, காலி டேட்டாபேஸ் இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

செலினியமா, பிளேரைட்டா?
வாசகர், திருச்சி

2004-இல் தாட்வொர்க்ஸில் பிறந்தது செலினியம், 2020-இல் மைக்ரோசாஃப்ட் விட்டது பிளேரைட். புதிதாகத் தொடங்கினால் பிளேரைட் சுலபம், வேலை விளம்பரங்களில் செலினியம் இன்னும் போகவில்லை. ஆனால் எதை ஆட்டோமேட் செய்ய வேண்டும் என்று தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். கையால் செய்து அலுத்துப்போன வேலையை முதலில் கொடுங்கள். 'ஐந்து விநாடி காத்திரு' என்று எழுதி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். காரணமில்லாமல் விழுந்து, மறுபடி ஓட்டினால் தேறும் டெஸ்ட்கள் அதிலிருந்துதான் பிறக்கின்றன. அவை பத்து சேர்ந்துவிட்டால் சிவப்பு விளக்கை டீமில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஐ.எஸ்.டி.க்யூ.பி. சான்றிதழ் வாங்கினால் நல்ல டெஸ்டர் ஆகலாமா?
வாசகர், சேலம்

அடிப்படைத் தேர்வில் 40 கேள்வி, 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. பயோடேட்டாவை ஹெச்.ஆர். கையில் கொடுக்க உதவும், வாங்குங்கள். ஆபீஸில் வரும் பக்குக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

வேலை கிடைக்கும் வரை வீட்டிலேயே எப்படிப் பழகுவது?
வாசகி, நாகர்கோவில்

கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979-இல் எழுதிய டெஸ்டிங் புத்தகம் ஒரு முக்கோணத்தில் தொடங்கும். மூன்று எண் கொடுத்தால் எந்த வகை முக்கோணம் என்று சொல்லும் நிரல், அதற்கு டெஸ்ட் எழுத வேண்டும். அவர் கணக்கில் பதினான்கு மதிப்பெண். தேர்ந்த புரோகிராமர்களே சராசரியாக 7.8-தான் எடுத்தார்கள். நீங்களும் எழுதிப் பாருங்கள். 1, 2, 3 என்ற பக்கங்களில் முக்கோணமே வராது என்பது உங்கள் பட்டியலில் இருக்கிறதா?

பிறகு ஜூஸ் ஷாப். ஓவாஸ்ப் அமைப்பு வேண்டுமென்றே ஓட்டைகளோடு கட்டி வைத்திருக்கும் கடை, உங்கள் கம்ப்யூட்டரிலேயே நிறுவி உடைக்கலாம். உண்மையான வங்கித் தளத்திலோ ரயில் டிக்கெட் தளத்திலோ இந்தக் கைவேலையைக் காட்டாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66-ஆம் பிரிவுகளுக்கு 'பழகிப் பார்த்தேன்' என்ற சமாதானம் புரியாது. உங்கள் போனில் உள்ள ஆப்களைச் சாதாரணமாகப் பயன்படுத்தியே நிறையக் கற்கலாம்: படிவம் பாதியில் இருக்கும்போது போனைச் சாய்ப்பது, ஏரோபிளேன் மோடு போடுவது, அழைப்பு வந்தால் எடுத்துப் பேசிவிட்டுத் திரும்புவது. கண்டதை ஒரு நோட்டில் பக் ரிப்போர்ட்டாக எழுதுங்கள். இன்டர்வியூவுக்கு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.

ஏ.ஐ. வந்து டெஸ்டர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுமா?
வாசகர், ஓசூர்

திரையைப் பார்த்து 'பாஸ், பாஸ்' என்று டிக் போடும் வேலையை அனுப்பிவிடும். ஆனால் கோடைப் படித்து டெஸ்ட் எழுதும் ஏ.ஐ., கோடு எழுதியவர் தப்பாகப் புரிந்துகொண்டதையும் சரியென்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். செவ்வாய்க்குப் போன நாசாவின் ஆர்பிட்டர் 1999-இல் தொலைந்தது எப்படி? ஒரு நிரல் பவுண்டுக் கணக்கில் விசையைச் சொன்னது, அடுத்தது அதை நியூட்டன் என்று படித்தது. தனித்தனியே இரண்டின் கணக்கிலும் தப்பில்லை. 'இது எந்த அளவில் வருகிறது?' என்று நடுவில் நின்று கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த இருக்கை இன்னும் காலிதான்.

2038-இல் கம்ப்யூட்டர்கள் நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

எல்லாம் நிற்காது, ஐயா. 1970 முதல் விநாடிகளை எண்ணி 32 பிட்டில் நேரத்தை வைத்திருக்கும் பழைய நிரல்கள் மட்டும் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியைத் தாண்டியதும் 1901-க்குப் போய்விடும். பதற வேண்டியவர்கள் அன்றைக்கு டியூட்டியில் இருப்பவர்கள் மட்டுமல்ல. இன்று இருபது வருடக் கடன் கொடுக்கும் சாஃப்ட்வேர் அந்தத் தேதியை இப்போதே கணக்கில் எடுத்தாக வேண்டும். வீட்டில் யாராவது கடன் வாங்கியிருந்தால், தவணை அட்டவணையின் கடைசி வரியில் என்ன வருடம் போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.