பிப்ரவரி 31-இன் இருப்பு குறித்த ஆராய்ச்சி

பிப்ரவரி 31 என்றொரு நாள் உண்டா? இல்லை என்பது உலக வழக்கு. உண்டு என்று சாதிப்பது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. இணையப் படிவங்களில் தேதி கேட்கும் கட்டங்களை ஊன்றிக் கவனித்தவர்கள் இந்த வழக்கின் தீவிரத்தை அறிவர்.

முதற் சான்று. ஜாவாஸ்கிரிப்டிடம் ‘நியூ டேட் (2023, 1, 31)’ என்று கேட்டுப் பாருங்கள். (இங்கே 1 என்பது பிப்ரவரி. மாதத்தைச் சுழியத்திலிருந்தும் நாளை ஒன்றிலிருந்தும் எண்ணுவது அம்மொழியின் மரபு. ஏன் என்று கேட்பது மரபன்று.) அப்படியொரு நாள் கிடையாது என்று அது சொல்லாது. 28 போக மிச்சம் மூன்று என்று கணக்குப் போட்டு, மார்ச் 3-ஐக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். நூற்பாவாகச் சொன்னால்: ‘மிகுநாள் எல்லாம் வருதிங்கள் புகுமே.’ உரைகாரர்கள் இதைத் தாராள மனம் என்பார்கள். நாம் மழுப்பல் என்கிறோம்.

மூலம் எங்கே? 1995-இல் பிரெண்டன் ஐக் இம்மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். தேதி விவகாரத்துக்கு ஜாவா என்னும் இன்னொரு நிரல்மொழியில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1997-இல் ஜாவாவின் ஜேடிகே 1.1 பதிப்பு வந்தபோது ஜாவாக்காரர்களே அதன் பெரும்பகுதியை ‘இனிப் பயன்படுத்த வேண்டாம்’ என்று ஒதுக்கிவிட்டார்கள். கொடுத்த வீட்டில் கழித்துப் போட்டாயிற்று. வாங்கிய வீட்டில் இன்றும் புழங்குகிறது.

இனி, எழுத்தின் வடிவத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் ரெகெக்ஸ் மரபினர். நாள் 01 முதல் 31, மாதம் 01 முதல் 12, நடுவே கோடு: வடிவம் சரியென்றால் இவர்களுக்கு எல்லாம் சரி. 31-02-2023 தலைநிமிர்ந்து உள்ளே போகும். 5-3-2023 என்று முன்சுழியம் போடாமல் எழுதியவர் வாசலில் நிற்பார். இல்லாத நாளுக்கு அனுமதி, இருக்கும் நாளுக்கு மறுப்பு!

நான்கால் வகுபட்டாலே லீப் ஆண்டு என்போரை நீண்ட நேரம் மறுக்க வேண்டியதில்லை. 1900 லீப் ஆண்டு அல்ல. ஆனால் லோட்டஸ் 1-2-3 என்னும் பழைய விரிதாள் மென்பொருள் செய்த பிழையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் இன்றளவும் 1900 பிப்ரவரி 29-ஐ ஏற்றுக்கொள்கிறது.

தடை: பிப்ரவரி 31 என்று யாராவது எழுதுவார்களா? விடை: கையால் எழுத மாட்டார்கள். நாள், மாதம், ஆண்டு என மூன்று பட்டியல்களைத் தனித்தனியே வைத்தால் விரல் தானாகத் தேர்ந்தெடுத்துவிடும். தவிர, 1712-இல் ஸ்வீடனில் பிப்ரவரி 30 மெய்யாகவே வந்து போனது. சமோவாவிலோ 2011 டிசம்பர் 30 வரவே இல்லை. ஆகையால் ஆய்வாளர் அடக்கமாக இருப்பது நல்லது.

இந்தியர்களுக்கென்றே ஓர் இடர் உண்டு. மார்ச் 5 நள்ளிரவு என்று நம் கணினியில் உருவாக்கிய தேதியை, கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி எழுதும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் வழியாக சர்வருக்கு அனுப்பினால் மார்ச் 4, 18:30 என்று போய்ச் சேரும். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கும் குற்றத்துக்காகப் பிறந்தநாளில் ஒரு நாள் பிடித்தம்.

பரிகாரம் எளிது. வந்த எண்களைக் கொண்டு தேதியைச் செய்யுங்கள். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் அந்தத் தேதியிடமே திரும்பக் கேளுங்கள். போட்ட 31 வந்தால் மெய், 3 வந்தால் பொய். ஜாவாஸ்கிரிப்டின் டெம்போரல் என்னும் புதிய வசதியை நம்புவோர் கவனிக்க: நாள், மாதம், ஆண்டை அதன் ‘ஃப்ரம்’ வழியாகக் கொடுத்துச் சும்மா விட்டால் அது 31-ஐ 28 ஆகக் குறைத்துக்கொள்ளும், ‘ரிஜெக்ட்’ என்று சொன்னால்தான் மறுக்கும். பிரவுசரில் செய்த சோதனையை யாரும் தாண்டி வரலாம் என்பதால் சர்வரிலும் இதையே செய்யவும்.

கடைசியாக, படிவம் எழுதும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் காட்டிவிட்டு நழுவாதீர்கள். ‘2023 பிப்ரவரிக்கு 28 நாள்தான்’ என்று எழுதுங்கள். நிரப்புகிறவர் திருத்திக்கொள்வார்.