கமிட்டி மெம்பருக்கு மாமா சொல்லுத புத்தி

வாரும், கமிட்டி மெம்பரே, உக்காரும்! மருமவனைப் போயி வாரும் போரும்னு சொல்லுதேனேன்னு முழிக்காதே. சேகரக் கமிட்டியில செயிச்ச ஆளை வாலே போலேன்னு கூப்பிட்டா நாளைக்கு என் பேரு வாக்காளர் பட்டியல்ல இருக்குமோ என்னமோ. சரி, காப்பியைக் குடி. சபை சோந்து கெடக்கு, உற்சாகப்படுத்தணும், வழி சொல்லுங்கன்னுதான கேக்கே? சொல்லுதேன்.

மொதல்ல புதுசா ஒரு மைக் செட்டு வாங்கு. பழசு நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் வாங்கு. கடைசி பெஞ்சுல எவளாவது விசும்பி அழுதா அந்தச் சத்தம் அமுங்கணும்லா? பெறவு மூணு நாள் கன்வென்ஷன் போடு. நோட்டீசுல உன் போட்டோ பெருசா இருக்கட்டும். கடைசி நாள் ராத்திரி பத்தரைக்கு பிரசங்கியார் ‘முடிவாக ஒரு வார்த்தை’ம்பாரு. அந்த ஒரு வார்த்தை முடிய பதினொண்ணேகால் ஆவும். தூங்குதவனை வையாதே. துரோவாவுல பவுலே நடுராத்திரி வரைக்கும் பேசப் போயித்தான் ஐத்திகுன்னு ஒரு பய மூணாம் மாடி சன்னல்ல இருந்து தூங்கி விழுந்தான். பவுலுக்கு அவனை உயிரோட எழுப்புத கிருபை இருந்தது. நம்ம பிரசங்கியாரை அவ்வளவு தூரம் சோதிச்சுப் பாக்க வேண்டாம். சன்னல் பக்கம் யாரையும் உக்கார விடாதே.

வீடு சந்திக்கதா? அதுல நம்ம ஆளுவளை மிஞ்ச முடியாது. மூணு வருசத்துக்கு ஒருக்க தேர்தல் வந்துட்டா, படுத்த படுக்கையா கெடக்க தாத்தாவைக்கூட தேடிப் போயி, கையைப் புடிச்சு, முட்டுவலி வரைக்கும் விசாரிக்காவ. நீயும்தான் விசாரிச்சே. வருசா வருசம் தேர்தல் வச்சா திருநெல்வேலிச் சீமையில ஒரு கெழடு தனிமையில வாடாது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் கவனிச்சுக்கோ. ஒரு எலுமிச்சம்பழத்தை ரெண்டாயிரத்துக்கு எடுப்பான் ஒருத்தன். சந்தோசம், கோயிலுக்குக் காசு. அவன் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட பீசு கட்ட முடியலைங்கது அவன் காதுல விழாது. ஏலத்துல விட்டா விழும்.

ஆனா இதையெல்லாம்விட சோக்கான வேலை ஒண்ணு இருக்கு. ஆறு மாசமா கோயிலுக்கு வராத ஒருத்தன் ஒரு ஞாயித்துக்கெழமை மனசைத் தேத்திக்கிட்டு, ரெண்டாம் மணி அடிச்ச பெறவு பம்மிப் பம்மி வருவான் பாரு. அவனை வாசல்லயே மடக்கணும். ‘தோத்திரம்! என்ன அதிசயமா இந்தப் பக்கம்? மழை வரப்போவுதோ?’ ஒருத்தர் கேட்டா போதாது, ஒம்பது பேரு கேக்கணும். உள்ளுக்குள்ள நொறுங்கித்தான் வந்திருப்பான், மிச்சத்தையும் நாம நொறுக்கி அனுப்பிரலாம். அடுத்த ஞாயித்துக்கெழமை அவன் வரலைன்னா, ‘விசுவாசம் கொறைஞ்சு போச்சு’ன்னு ஜெபக்கூட்டத்துல அவன் பேரைச் சொல்லு. ஜெபக்கூட்டம் எதுக்கு இருக்கு? ‘இன்னார் மவளுக்கு இப்பிடி ஆயிட்டாம், வெளிய சொல்லாதீங்க, ஜெபிச்சுக்கிடுங்க’ன்னு அங்க ஒரு வார்த்தை போட்டா, பேப்பர்க்காரன் வாரதுக்கு முந்தி ஊர் முழுக்க ஜெபிச்சு முடிச்சிரும்.

துட்டி வீட்டுக்குப் போனாலும் சும்மா இருக்கப்படாது. யோபுவோட சினேகிதர் மூணு பேரும் ஏழு நாள் ராவும் பகலும் வாயைத் தொறக்காம அவனோட தரையில உக்காந்திருந்தாவ. அதுவரைக்கும் நல்ல மனுசங்கதான். பெறவு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சாவ பாரு, அதுக்குப் பெறவுதான் அவனுக்கு நெசமான பாடு.

சிரிக்காதே. நம்ம முன்னோருக்கு மைக் செட்டு கெடையாது. வேதத்துக்கு வந்தவங்க வீட்டைக் கொளுத்தி வெரட்டுன காலத்துல, ‘ஜெபிச்சுக்கிடுதோம்’னு சொல்லிட்டுப் போயிரலை. நெலம் வாங்கி 1799-ல முதலூர்னு ஒரு ஊரையே உண்டாக்கிக் குடுத்தாவ. இன்னைக்கு அந்த ஊரு மஸ்கோத் அல்வாவுக்குப் பேரு வாங்கியிருக்கு. அல்வாவை வாயில குடுத்த சனம் அது, நம்மள மாதிரி காதுல குடுக்கலை. 1903-ல அசரியாவும் அவரு கூட்டாளிகளும் பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சு, தெலுங்குச் சீமை தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்புனாவ. வெள்ளைக்காரன் துட்டுல இல்லலே, நம்ம சனத்தோட காணிக்கையில.

எங்க ஆச்சி காலத்துல உலைக்கு அரிசி போடும்போது கடவுளுக்குன்னு ஒரு பிடியைத் தனிப் பானையில போட்டு வைப்பாவ. வாரத்துக்கு ஒருக்க ஒரு கெழவி கடவத்தோட வீடு வீடா வந்து வாங்கிட்டுப் போவா. கில்லாடி அவ. பானையை எட்டிப் பாத்ததுமே அந்த வீட்டு நெலவரம் தெரிஞ்சிரும். அரிசி கொறைஞ்சிருந்தா, ‘இந்த வாரம் கடவம் ரொம்பிட்டுளா’ன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு வாங்காமலே போயிருவா. சாயங்காலம் ஐயரம்மா வீட்டுல இருந்து அந்த வீட்டுக்கு ஒரு படி அரிசி வந்து சேரும். யாரு சொன்னா, எப்பிடி வந்துதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப கோயில் வாசல்ல கியூஆர் கோடு ஒட்டியிருக்கிய. நல்ல வசதிதான். எவன் வீட்டுல உலை கொதிக்கலைன்னு அதுக்குத் தெரியுமால?

அசனத்துக்கு முந்தின ராத்திரி வந்து பாரு. வெங்காயம் உரிக்க வட்டத்துல, பாகம் பிரிக்கையில முறைச்சுக்கிட்ட அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் பேசிக்கிடுவாவ. கேட்டா வெங்காயம்னு சொல்லிரலாம். உன் கன்வென்ஷன்ல அதுக்கு ஏது வசதி?

பர்னபா என்ன செஞ்சான் தெரியுமா? சவுலைக் கண்டு சீஷரெல்லாம் பயந்து ஒதுங்குனப்போ, கையோட கூட்டிட்டுப் போயி அப்போஸ்தலர் முன்னால நிறுத்துனவன் அவன். பெர்கேயில பாதி வழியில விட்டுட்டு ஓடிப்போன மாற்கை, ‘இவன் வேண்டாம்’னு பவுலே தள்ளுனப்போவும், சண்டை வந்தாலும் பரவாயில்லைன்னு தன்னோட கூட்டிட்டுப் போனான். பிற்பாடு அதே பவுல்தான், மாற்கு எனக்கு வேணும், கூட்டிட்டு வான்னு காயிதம் எழுதுனாரு. பாடகர் குழுவுல சுருதி தப்பிட்டான்னு போன வருசம் நீங்க வெரட்டுன பயலை நெனச்சுத்தான் சொல்லுதேன். அவன் இப்ப ஞாயித்துக்கெழமை காலையில டீக்கடையில உக்காந்திருக்கான். போயி அவனுக்கும் சேத்து ரெண்டு டீ சொல்லு. சுருதியைப் பத்திப் பேசாதே.

இன்னொண்ணு. தெக்கு வாசல் தூணுல சாஞ்சு உக்காருத ஆச்சி மூணு வாரமா வரலையே, கவனிச்சியா? கவனிச்சிருக்க மாட்டே, நீதான் இப்ப முன்வரிசை ஆச்சே. சாயங்காலம் போயிட்டு வா. சால்வை வேண்டாம், போட்டோக்காரன் வேண்டாம். கண்ணு மங்கிப்போச்சு அவளுக்கு, பக்கத்துல உக்காந்து ஒரு சங்கீதம் வாசிச்சுக் காட்டு. அதுக்காக 119-ஐ எடுத்துராதே மருமவனே, அதுல 176 வசனம் இருக்கு.