தேசாதிபதி நடத்திய பேச்சுப் பயிற்சி

மேடைப் பேச்சு சொல்லிக்கொடுப்பவர்கள் காலங்காலமாக எழுதிக் கொடுப்பது ஒரே மருந்துச்சீட்டுத்தான்: கண்ணாடி முன் நின்று பழகு, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள், கையை அளவோடு ஆட்டு, பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ளாதே. இந்த விதிகளை ஒரே கூட்டத்தில் காற்றில் பறக்கவிட்டு, ஒரு மாதத்துக்குள் இலங்கை முழுக்கப் பேர் வாங்கிய பேச்சாளர் ஒருவர் கண்டிச் சீமையிலிருந்து கிளம்பினார். மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில் என்று பெயர், வயது 24.

லண்டனில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, ஓவியம் படித்து, இளம் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தவர். அந்தக் கடைசிச் சேதியை யாரும் விசாரிக்கவில்லை போலும். வெள்ளைத்தோல் இருந்தால் வேறு சான்றிதழ் கேட்காத காலம். 1936இல் தேயிலைத் தொழில் பழக, மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

தொழில் பழக வரும் வெள்ளைக்காரப் பையனுக்குப் பாடம் எளிது. விடியற்காலை பிரட்டுக்களத்தில் விறைப்பாக நிற்க வேண்டும். பகலில் கங்காணியை அதட்ட வேண்டும். மாலையில் கிளப்பில் விஸ்கியோடு உட்கார்ந்து, 'இந்தக் கூலிகளை நம்பவே முடியாது' என்று அலுத்துக்கொள்ள வேண்டும். நம்மாள் பாடத்தைக் கோட்டை விட்டார். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் போனார். ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பமே முடங்கிக் கிடப்பதைப் பார்த்தார். தொழிலாளரோடு சிரித்துப் பேசிப் பழகினார். துரை வம்சத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. சீட்டைக் கிழித்து அனுப்பினார்கள்.

அனுப்பியவர்களுக்கு ஒன்று தோன்றவில்லை. பேச்சாளனுக்கு வேண்டிய முதல் சரக்கு, சொல்வதற்கு ஒரு விஷயம், அது பையன் கையில் ஏறிவிட்டது. அதுவும் லயத்துப் பக்கமிருந்து பொறுக்கியது.

மலையக மேடையை இவர்தான் திறந்து வைத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இலேயே அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்டவர். வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துவிடுவார்கள் என்பதால், புடவை வியாபாரி வேஷத்தில் லயத்துக்குள் போனார் என்று சொல்வார்கள். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடுவார். அரை மணி நேரப் பிரசங்கத்தில் ஏறாதது ஒரு பாட்டில் ஏறும் என்பது அந்தத் தம்பதிக்குத் தெரிந்திருந்தது. சபையை அறிந்து பேசுவது என்றால் அதுதான்.

1937 ஏப்ரல் 3, நாவலப்பிட்டி. வேலை போன பிரேஸ்கேர்டில் இப்போது லங்கா சமசமாஜக் கட்சியோடு. அந்தக் கட்சியின் கூட்டம், சுமார் இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய்தான் அன்றைய நட்சத்திரம். துரைமார் பயந்ததும் அந்த அம்மாவுக்குத்தான். கட்சியைச் சேர்ந்த கலாநிதி என்.எம். பெரேரா எழுந்து, தோழர் பிரேஸ்கேர்டில் பேசுவார் என்று அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. வெள்ளைக்காரரே வெள்ளைத் துரைமாரைப் போட்டுக் கிழிப்பதை அந்த மலைகள் அதுவரை கேட்டதில்லை.

அந்தப் பேச்சுக்கு ஒரு விமர்சனம் உண்டு. எழுதியவர் துரைமார் தரப்பு ஆள். பிரேஸ்கேர்டில், தோட்டத்துரைமாரின் அக்கிரமம் தன்னைப் போல யாருக்கும் தெரியாது என்றாராம். எல்லாவற்றையும் அம்பலப்படுத்துவேன் என்றாராம். பேசும் தோரணை, முகம், நின்ற நிலை எல்லாமே மிரட்டலாக இருந்ததாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டம் 'சாமி, சாமி' என்று முழங்கியதாம். கலைந்து போகும்போது தொழிலாளர், இனிமேல் பேசாமல் பொறுத்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்களாம்.

குறை சொல்லப் புகுந்து இப்படி ஒரு பாராட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்த எதிரி யாருக்கு வாய்ப்பான்? குரல், முகம், நிலை, சபையின் பதில், கேட்டவர் மனதில் தங்கியது என்று நல்ல வாத்தியார் பார்க்கிற அத்தனையும் அதில் இருக்கிறது. நண்பனிடம் கேட்டிருந்தால் 'நல்லாத்தான் பேசினீங்க' என்பதோடு முடித்திருப்பான்.

அடுத்த கட்டப் பயிற்சியைத் தேசாதிபதி சர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸே கையில் எடுத்தார். ஏப்ரல் 22ஆம் திகதி ஆணை வந்தது. 24ஆம் திகதி மாலை ஆறு மணிக்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். அவசரகாலத்துக்கென்று 1896இல் செய்து வைத்த ஆணையைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். அவசரம் என்னவென்றால் ஒருவர் நாவலப்பிட்டியில் பேசிவிட்டார்.

பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். நாவலப்பிட்டியில் இரண்டாயிரம் பேருக்குத் தெரிந்தவர் இப்போது நாடு முழுக்கத் தெரிந்தவர். மே தின ஊர்வலத்தில் 'பிரேஸ்கேர்டில் வேண்டும், ஸ்டப்ஸை நாடுகடத்து' என்று பதாகை பிடித்தார்கள். அரசாங்க சபை தேசாதிபதிக்கு எதிரான தீர்மானத்தை 34க்கு 7 என்று நிறைவேற்றியது. மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். பொலிஸ் தேடிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று மேடையில் தோன்றினார். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் பொலிஸ் வேடிக்கை பார்க்க மட்டும் முடிந்தது. ஒரே மாதத்தில் இப்படி ஒரு சபையை எந்தப் பயிற்சி வகுப்பும் கூட்டித் தராது.

பிறகு கொழும்பு புதுக்கடையில் பிடித்தார்கள். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பேர்பெற்ற வழக்கறிஞர் எச்.வி. பெரேரா பணம் வாங்காமல் வாதாடினார். பிரதம நீதியரசர் சர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் மே 18ஆம் திகதி தீர்ப்புச் சொன்னார்கள்: பேச்சுரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை நாடுகடத்த முடியாது.

மேடை ஏறப் போகிறவர்கள் குரலையும் கையையும் பழக்குங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் லயத்துப் பக்கம் போய் வாருங்கள். கண்ணால் கண்டதைப் பேசுகிறவனுக்குத் தொண்டை கம்மினாலும் சபை பொறுத்துக்கொள்ளும். பேச்சு நன்றாக இருந்ததா என்பதைக் கைதட்டியவர்களிடம் கேட்காதீர்கள், யாருக்குத் தூக்கம் போயிற்று என்று பாருங்கள்.

'போ' என்று ஆணையிட்ட ஸ்டப்ஸ் துரை 1937 ஜூன் கடைசியில் பதவியை விட்டுப் போனார். பிரேஸ்கேர்டில் அதன் பிறகு, அதே வருஷத்தில், தன் இஷ்டப்படி இங்கிலாந்துக்குப் போனார்.