வழிநூல் வழக்கு: வீடியோ கேம் ரீமிக்ஸைக் கேட்டு மதிப்புரைப்பது குறித்து ஓர் இலக்கணம்

பாயிரம்

நூல் எதைப் பற்றியது, யார் கேட்க வேண்டியது, கேட்டால் என்ன பயன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது பழைய விதி. வீடியோ கேம்களின் இசையை ரசிகர்கள் எடுத்துத் தம் விருப்பத்துக்கு மாற்றி இசைக்கிறார்கள். வேறு சில ரசிகர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, பத்தி பத்தியாக மதிப்புரை எழுதுகிறார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாக இது நடந்து வருகிறது. இசைத்தவருக்குச் சம்பளம் கிடையாது, உரைத்தவருக்கும் கிடையாது. இரு தரப்பும் இத்தனை கண்டிப்பாக நடந்துகொள்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கேட்போர், இதற்கென இரவு பதினொரு மணிக்கு மேல் நேரம் ஒதுக்க முடிந்தவர்கள். பயன், ஒன்றுமில்லை. இவ்வாய்வின் தூய்மைக்கு அதுவே சான்று என்க.

மூலம்

ரீமிக்ஸ் நன்றா தீதா என்று சொல்ல வேண்டுமானால், மூலம் எது என்று முதலில் முடிவாக வேண்டும். கார்ட்ரிட்ஜைச் செருகினால் மூலம் வந்துவிடப்போகிறது என்று எண்ணுபவர் இத்துறைக்குப் புதியவர்.

கோஜி கோண்டோ 1985இல் சூப்பர் மரியோ பிரதர்ஸுக்கு இசையமைத்தபோது அவர் பயன்படுத்தியவை இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை, 'உஸ்' என்று இரையும் ஒரு ஓசை, அவ்வளவுதான். அந்த முக்கோண அலைக்குச் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியே இல்லை. ஒலிக்கும், அல்லது ஒலிக்காது. இந்தச் சிக்கனமான மேளத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. மரியோ குதித்தால் குதிக்கும் சத்தத்துக்கென்று தனி ஆள் கிடையாது. பாட்டில் இருக்கும் சதுர அலைகளில் ஒன்றுதான் எழுந்து போய் அந்த வேலையைச் செய்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதுவரை பாட்டில் அந்தக் குரல் இருக்காது. ஆகவே அடிக்கடி குதித்தவர் கேட்டது ஓட்டை விழுந்த பாட்டு, பயந்து பயந்து நடந்தவர் கேட்டது முழுப் பாட்டு. 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த இசையைச் சேர்த்தது. வீடியோ கேம் இசை அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை. ஆனால் எத்தனை முறை குதித்துக் கேட்ட பாட்டைச் சேர்த்தார்கள் என்பதற்கு விளக்கம் இல்லை.

பாடபேதங்கள் இதோடு முடிவதில்லை. காசில்வேனியா வரிசையின் மூன்றாம் விளையாட்டு 1989 கடைசியில் ஜப்பானில் வந்தபோது, அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு கூடுதல் சிப் வைத்து மேலும் மூன்று குரல்களைக் கோனாமி நிறுவனம் தந்தது. அமெரிக்காவில் விற்ற கருவியோ கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் கூடுதல் ஒலியை ஏற்காது. மூன்று குரல்களையும் வெட்டி, மிச்சத்தை ஒட்டுப்போட்டு அங்கே அனுப்பினார்கள். இன்றைக்கு அமெரிக்கர் ஒருவர் அந்த இசையை ரீமிக்ஸ் செய்து, கீழே கனமான ஒரு சின்த் சேர்த்தால், 'மூலத்தில் இல்லாததைத் திணித்துவிட்டார்' என்று ஒருவர் எழுதுவார், 'மூலத்தில் இருந்ததை மீட்டுவிட்டார்' என்று இன்னொருவர் எழுதுவார். இருவரும் மூலம் கேட்டவர்களே.

ஐரோப்பாவின் கதை வேறு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை துடித்தது, ஐரோப்பாவில் 50 முறை. பல விளையாட்டுகளில் இசை அந்தத் துடிப்பைத்தான் தாளமாக வைத்துக்கொண்டது. திருத்தாமல் அனுப்பிய விளையாட்டுகள் அங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. 1991இல் வந்த சோனிக் அப்படி ஓடியவற்றில் ஒன்று. அசல் வேகத்தில் செய்த ரீமிக்ஸைக் கேட்டு, 'ஏன் இப்படி விரட்டுகிறார்கள்?' என்று அங்கே ஒருவர் குறைபட்டால் அவர்மேல் தவறில்லை. கமடோர் 64 கணினியில் வந்த சிட் என்ற ஒலிச் சிப்போ, குறிப்பாக அதன் முதல் வகை, ஒன்றைப்போல ஒன்று ஒலிக்காது. அதன் ஃபில்ட்டர் சிப்புக்குச் சிப் மாறும். பக்கத்து வீட்டில் மாவு மாதிரி கேட்ட பாட்டு உங்கள் வீட்டில் கண்ணாடித் தூள் மாதிரி கேட்டிருக்கும்.

தொண்ணூறுகளில் நம் ஊரில் 'டிவி கேம்' என்ற பெயரில் வாங்கி விளையாடிய பெட்டிகளையும் இங்கே குறித்துவிட வேண்டும். அவை மரியோ ஓடிய அந்த ஜப்பானியக் கருவியின் நகல்கள். நகல் சிப்புகள் பலவற்றில் சதுர அலையின் இரு அகல அளவுகள் இடம் மாறியிருந்தன. பருத்த குரல் மெலிந்து ஒலித்தது, மெலிந்தது பருத்தது. அப்படிப்பட்ட பெட்டியில் கேட்டு வளர்ந்தவரும் 'மூலத்தின் அந்தக் குழைவு இதில் இல்லை' என்று எழுதுகிறார். எழுதட்டும். அவர் சொல்லும் குழைவு தொழிற்சாலைப் பிழைதான், ஆனால் அவர் காதில் அது உண்மையாகவே இருந்தது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாதெனின், மூலம் என்று ஒன்று இல்லை, கேட்டவர் தொகைக்கு ஏற்ப மூலங்கள் உள. அதற்கும் மேலே ஒரு செய்தி இருக்கிறது. சிட் சிப்பில் ஒரே நேரத்தில் மூன்று குரல்தான் ஒலிக்கும். அதனால் ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்ற இசையமைப்பாளர்கள் ஒரு சுரக்கூட்டு வேண்டுமென்றால் அதன் சுரங்களை ஒரே குரலில் நொடிக்கு 50 தரம் மாற்றி மாற்றி ஓட விடுவார்கள். மூன்று சுரமும் சேர்ந்து கேட்டதாகக் கேட்டவர் எண்ணிக்கொள்வார். எண்ணிக்கொண்டது யார்? கேட்டவர். அப்படியானால் இல்லாத டிரம்ஸையும், இல்லாத வயலினையும், இல்லாத கோரஸையும் தம் மண்டைக்குள் சேர்த்து வைத்தவரும் அவரே. ஒவ்வொரு மதிப்புரையாளரும் பத்து வயதிலேயே ஒரு ரீமிக்ஸ் செய்துவைத்திருக்கிறார், வெளியிடவில்லை என்பதுதான் குறை. பிற்பாடு வருகிற ரீமிக்ஸையெல்லாம் அவர் அதோடுதான் ஒப்பிடுகிறார். மதிப்புரைகளில் காணும் விளக்க முடியாத கோபத்துக்கு இதைத் தவிர வேறு வேர் எனக்குத் தெரியவில்லை.

வழி

நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்த பவணந்தி முனிவர் வீடியோ கேம் ஆடியிருக்க மாட்டார். ஆயினும் அவருக்கும் முன்பே தொல்காப்பியம் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்காகப் பிரித்துவிட்டதால் நமக்கு வேலை மிச்சம். ஒரு விளையாட்டின் பத்துப் பாட்டுகளை ஐந்து நிமிட மெட்லியாக அடைப்பது தொகை. மெட்டல், ஜாஸ், போசா நோவா என்று வேறு இசைமொழிக்குக் கொண்டுபோவது மொழிபெயர்ப்பு. அண்மைக்காலத்தில் பெருகிய 'லோ-ஃபை' வகையும் இதில் அடங்கும். எந்தப் பாட்டானாலும் வேகத்தைக் குறைத்து, மழைச் சத்தமும் பழைய ரெக்கார்டின் கீறல் சத்தமும் சேர்த்தால் அது தயார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நல்லது என்கிறார்கள். மழையை மட்டும் தனியாகக் கேட்டாலும் படிப்பு வரும் என்பது என் கருத்து.

விரிவகைக்கு எடுத்துக்காட்டு ஃபைனல் ஃபேன்டசி வரிசையின் ஆறாம் விளையாட்டு. 1994இல் நொபுவோ உவேமாட்சு அதற்கு இசையமைத்தபோது கருவியில் ஒலிக்கென்று இருந்த நினைவகம் 64 கிலோபைட். அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு ஆப்பெராக் காட்சியையே நடத்திவிட்டார். நாயகி மேடையேறிப் பாடுவாள், சொற்கள் திரையில் எழுத்தாக வரும். காதில் விழுவதோ மனிதக் குரலைத் தூரத்தில் நின்று பார்த்ததுபோல் ஒரு சின்த். ஆனாலும் ஆடியவர்கள் அவள் பாடியதைக் கேட்டார்கள். மூல இசை மூன்று டிஸ்க்கில் வந்தது. 2013இல் ரசிகர்கள் அதற்குச் செய்த 'பேலன்ஸ் அண்ட் ரூயின்' என்ற வழிநூலோ ஐந்து டிஸ்க், 74 பாட்டு. உரை மூலத்தைவிட நீளுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் அந்த ஆப்பெராவை உண்மையான பாடகி யார் பாடினாலும் ஆபத்துதான். அந்தக் குரலை ஏற்கெனவே கேட்டுவிட்டவர்கள் 'இது அவள் குரல் இல்லையே' என்பார்கள். அவளுக்குக் குரலே கிடையாது.

டெட்ரிஸ் இந்தப் பாகுபாட்டைத் தலைகீழாக்கும். 1989இல் கேம் பாயில் ஹிரோகாசு டனாகா அமைத்த அந்தப் பாட்டை எல்லோரும் மூலம் என்கிறார்கள். அதுவே ரஷ்ய நாட்டுப்பாடல் ஒன்றின் வழிநூல். அந்தப் பாடலின் சொற்களோ 1861இல் கவிஞர் நெக்ராசவ் எழுதிய நெடுங்கவிதையிலிருந்து வந்தவை. 1992இல் டாக்டர் ஸ்பின் என்ற பெயரில் அதன் நடன ரீமிக்ஸ் ஒன்று வந்து பிரிட்டிஷ் தரவரிசையில் ஆறாம் இடம் பிடித்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர், ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பெரா தந்த ஆண்ட்ரூ லாய்டு வெப்பர். ரசிகர் செய்தால் ரீமிக்ஸ், அவர் செய்தால் என்ன என்பதற்கு நூற்பா இல்லை.

குற்றம்

பவணந்தியாரின் நன்னூல் சொன்ன பத்துக் குற்றங்களை வைத்தே ஒரு ரீமிக்ஸை முழுதாக உரித்துவிடலாம். அதே லூப்பை ஏழு தரம் ஓட்டி, எட்டாம் தரம் டிரம்ஸை மட்டும் சேர்ப்பது கூறியது கூறல். நடுவே மூலத்தை மறந்து இரண்டு நிமிடம் கிதார் சோலோ வாசிப்பது மற்றொன்று விரித்தல். முதல் ஒரு நிமிடம் காற்றுச் சத்தமும் கதவு கிறீச்சிடும் சத்தமும் வைத்துப் பாட்டைத் தொடங்காமலே இருப்பதற்கு வெற்றெனத் தொடுத்தல் என்று பெயரிடலாம். இருநூறு பேர் கோரஸும் முரசும் சேர்த்து, ஊர்ச் சந்தையில் ஒலிக்கும் இசையை உலகப்போராக மாற்றுவது மிகைபடக் கூறல். இந்தக் கடைசிக் குற்றத்துக்குத் தள்ளுபடியே தரக்கூடாது.

இவற்றில் தலையாயது சென்று தேய்ந்திறுதல். எப்படி முடிப்பது என்று தெரியாமல் சத்தத்தை மெல்லக் குறைத்து நழுவிவிடுவது அது. இதில் மட்டும் ரீமிக்ஸ் செய்தவருக்காக வாதாட வேண்டியிருக்கிறது. விளையாட்டு இசைக்கு முடிவு கிடையாது. ஆடுகிறவர் அந்தக் கட்டத்தைக் கடக்கும்வரை, அல்லது சாகும்வரை, அல்லது அம்மா வந்து சுவிட்சை அணைக்கும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். முடிவே இல்லாத முதல்நூலுக்கு முடிவு எழுது என்று வழிநூலாசிரியனைக் கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

குற்றம் உரைப்போரின் குற்றமும் உரைக்கத்தக்கது. 'நல்ல முயற்சி, மிக்ஸிங் இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்திருக்கலாம்' என்ற வாக்கியத்தை எந்த ரீமிக்ஸுக்கும் கேட்காமலே எழுதலாம். அதனால் அது மயங்க வைத்தல்.

கால அளவை

இத்துறையில் நீதிமன்றமே இருக்கிறது. டேவிட் லாய்டு என்பவர் 1999இல் தொடங்கிய ஓவர்க்ளாக்ட் ரீமிக்ஸ் என்ற தொகுப்பில் இடம்பெற வேண்டுமானால் நடுவர் குழுவின் ஒப்புதல் வேண்டும். மூலத்தை அப்படியே வாசித்தால் ஆகாது, மூலமே தெரியாதபடி மாற்றினாலும் ஆகாது. சந்தேகம் வந்தால் நடுவர்கள் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துவிடுகிறார்கள். எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை மூலத்தின் மெட்டு வருகிறது என்று குறித்துக் கூட்டி, மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். ரசனையை நொடிக்கணக்கில் அளப்பதா என்று சிரிக்கலாம். எனக்கு இந்த முறைமேல் மரியாதை உண்டு. மற்றவர்கள் தம் மண்டைக்குள் இருக்கும் பழைய ரீமிக்ஸை அளவுகோலாக வைத்திருக்க, இவர்கள் கடிகாரத்தையாவது வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தொகுப்பைச் சேர்ந்த ரசிகர்களிடமே 2008இல் காப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் விளையாட்டின் உயர்தெளிவுப் பதிப்புக்கு இசையைக் கேட்டு வாங்கிக்கொண்டது. வழிநூல் முதல்நூலின் நாற்காலியில் உட்கார்ந்த நாள் அது. உடனே அதற்கும் மதிப்புரைகள் வந்தன.

இல்லங்களில் இந்த ஆய்வு எப்படி வரவேற்கப்படுகிறது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஆய்வாளர் ஒருவர் ஹெட்போன் பழுதாகி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு நிமிடம் பொறுமையாக நின்று கேட்ட அவர் அம்மா கேட்டது: "ஏண்டா, மியூசிக் நல்லாத்தான் இருக்கு. எப்படா பாட ஆரம்பிப்பாங்க?" ஆய்வாளர் இதை வெற்றெனத் தொடுத்தல் என்ற தலைப்பில் குறித்துக்கொண்டார்.

புறனடை

விதிக்குள் அடங்காததைக் கடைசியில் சொல்வது முறை. டோபி ஃபாக்ஸ் இசையமைத்த மெகலோவேனியா 2008இல் வேறொருவர் விளையாட்டை ரசிகராக அவர் மாற்றியமைத்தபோது முதலில் ஒலித்தது. பிறகு ஹோம்ஸ்டக் என்ற இணையக் காமிக்ஸுக்குப் போயிற்று, 2015இல் அவருடைய சொந்த விளையாட்டான அண்டர்டேலுக்கு வந்து சேர்ந்தது. அதன் பெயரோ 1994இல் யோகோ ஷிமோமுரா அமைத்த மெகலோமேனியா என்ற போர்க்கள இசையை ஒட்டியது. முதலா, வழியா, சார்பா? மூன்றையும் ஒரே ஆள் செய்துவிட்டால் பவணந்தியார் என்ன செய்வார்.

2022 ஜனவரியில் வத்திக்கானில் போப் பிரான்சிஸ் முன்னால் சர்க்கஸ் கலைஞர்கள் வித்தை காட்டினார்கள். பின்னணியில் ஒலித்தது இந்த மெகலோவேனியா. உலகெங்கும் இருந்த ரசிகர்கள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்து, வேகம் சரியா, எந்தப் பதிப்பு, எங்கே வெட்டினார்கள் என்று ஆராயத் தொடங்கினார்கள். அண்டர்டேலில் இந்த இசை ஒலிக்க எதிரே வந்து நிற்கும் எலும்புக்கூட்டோடு சண்டையிட்டு ஒரு தடவைகூடச் சாகாதவர், மண்டைக்குள் வேறொரு மெகலோவேனியா வைத்திராதவர், அந்த மண்டபத்தின் மேடையில் ஒருவர் இருந்தார். இத்துறையின் விதிகளின்படி மதிப்புரை எழுத முழுத் தகுதி பெற்றவர் அவர் ஒருவரே. அவர் ஒன்றும் எழுதவில்லை.